நான் பேனா வைக்காத நூறு கட்டங்கள்

அளவுக்கு மீறி இங்கிலீஷ் தெரிந்தவர்கள் பரீட்சையில் தேறுவது கஷ்டம். இதை நான் சொந்தச் செலவில் கண்டுபிடித்தேன்.

அறுபதுகளின் நடுவில், மாதுங்காவில் எங்கள் கட்டிடத்தில் யார் மனு எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். எனக்கு வயது பத்தொன்பது. (திமிருக்கு அதைவிட ஜாஸ்தி.) கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் ஹெட் கிளார்க்காக இருந்த அப்பா, டிராஃப்ட் லெட்டர்களை வீட்டுக்குக் கொண்டுவருவார். நான் பென்சிலால் தப்பைச் சுழித்து, மேலே சரியானதை எழுதிக் கொடுப்பேன். அந்த அப்பா மூன்று மாதத்தில் ரிடையர் ஆகப்போகிறார். தம்பிகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில். ஆகவே ஒரு சர்க்கார் ஆபீஸின் கிளார்க் பரீட்சைக்கு நான் போனபோது வீடே என்னை நம்பியிருந்தது. நானும் என்னை நம்பினேன், வீட்டைவிட அதிகமாகவே.

பக்கத்து வீட்டுப் பங்கஜமும் கூட வந்தாள். அவளுக்கு இங்கிலீஷ் நான் சொல்லிக் கொடுத்ததுதான்.

"பயமா இருக்குடீ" என்றாள்.

"என்னத்துக்குப் பயம்? தெரியாட்டா பேசாம உக்காந்துண்டிரு" என்று தைரியம் சொன்னேன்.

தாதரில் ஒரு பள்ளிக்கூட ஹால். கேள்விப் புத்தகம் ஒன்று, தனித்தாள் ஒன்று கொடுத்தார்கள். புத்தகத்தின் முதல் பக்கம் முழுக்க விதிமுறைகள். அதெல்லாம் இங்கிலீஷ் தெரியாதவர்களுக்கு என்று புரட்டிவிட்டேன். தனித்தாளில் வரிசையாக எண்கள், ஒவ்வொன்றுக்கும் நேரே குட்டிக் குட்டிக் கட்டங்கள். ஓஹோ, திருத்துகிறவர்கள் மார்க் போட்டுக்கொள்ள! கிளார்க் வீட்டுப் பெண்ணுக்குச் சின்ன வயசிலேயே ஊட்டி வளர்த்த பாடம் ஒன்று உண்டு: எந்த ஃபாரத்திலும் ஆபீஸ் உபயோகத்துக்கான இடத்தில் நம் பேனா படக்கூடாது. பெயரையும் நம்பரையும் மட்டும் எழுதி, தாளைக் கசங்காமல் ஓரமாக வைத்தேன்.

பிறகு பாருங்கள், என் ராஜ்யம்! தப்பான வாக்கியம் ஒவ்வொன்றையும் கேள்விப் புத்தகத்திலேயே சுழித்து, மேலே திருத்தி எழுதினேன். மரபுத்தொடர்களுக்கு அர்த்தம் கேட்டிருந்தார்கள். வாளியை உதைத்தால் வெள்ளைக்காரன் செத்துப் போவான். (ஏன்னு கேக்கப்படாது.) கொடுத்திருந்த நாலு அர்த்தமும் எனக்குத் திருப்தியாக இல்லாத இடத்தில், ஐந்தாவதாக ஒன்றை நானே எழுதிச் சேர்த்தேன். அரைமணி முன்னாலேயே முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன்.

சூபர்வைசர் நல்ல மனுஷர். என் தாளை எட்டிப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"பேட்டி, யே தோ காலி ஹை!" மகளே, தாள் காலியாக இருக்கிறதே என்கிறார்.

"அது காலியாகத்தான் இருக்க வேண்டும், சார்" என்று இங்கிலீஷில் ஒரே போடு போட்டேன். நான் சொன்ன தோரணையில், பாவம், அவருக்கே தன் உத்தியோகத்தின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்து போனார்.

வெளியே பங்கஜம் கையை உதறிக்கொண்டு நின்றாள். "அம்மாடி, நூறு கேள்விக்கும் கட்டத்துல கோடு போட்டு விரலே போயிடுத்து!"

"எந்தக் கட்டம்?"

சொன்னாள். "புஸ்தகத்துல எழுதினா பார்க்கவே மாட்டோம்னு முதல் பக்கத்திலயே போட்டிருந்ததே. நீ படிக்கலையா?"

மாதுங்கா வரை நடந்தே வந்தேன். வழியெல்லாம் அழுகை.

அப்பா முழுவதும் கேட்டுக்கொண்டார். "நான் சொல்லிக்குடுத்ததைத்தானே பண்ணியிருக்கே" என்றார். திட்டியிருக்கலாம். மறுநாள் காலை கோட்டு மாட்டிக்கொண்டு, இன்னும் ஒரு வருஷம் வேலையில் வைத்துக்கொள்ளச் சொல்லி மானேஜரைக் கேட்கப் போனார். அதுவரை யாரிடமும் எதற்கும் போய் நின்றறியாத மனுஷர். அவர் படியிறங்குவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

மானேஜர் ஒரு வருஷம் கொடுத்தார். பங்கஜம் பாஸ். அடுத்த வருஷம் நானும் பாஸ் செய்து, அதே ஆபீஸில் அவளுக்கு ஜூனியராகப் போய் உட்கார்ந்தேன்.

இன்றைக்கும் வீட்டுக்கு எந்த ஃபாரம் வந்தாலும், என் கணவர் எழுந்து நின்று அதை முதல் வரியிலிருந்து உரக்க வாசிப்பார். அப்புறம்தான் என் கைக்கு வரும். தம்பிகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். அப்பா மட்டும், உயிரோடு இருந்தவரைக்கும், அந்தக் கதைக்குச் சிரித்ததில்லை. "போறும், குழந்தையை விடுங்கோடா" என்பார்.