மாசானம் அடித்த கருஞ்சாம்பல்

சத்தியமாய்ச் சொல்கிறேன், தலையில் அடித்துச் சொல்கிறேன்: இதில் ஒரு சொல் பொய்யென்றால் தூத்துக்குடிக் கடல் விடியுமுன் நன்னீராகட்டும், அதிலேயே நான் கஞ்சி காய்ச்சிக் குடிக்கிறேன்.

எழுபத்தெட்டில் நடந்தது. துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டும் மாசானத்துக்கு வாழ்க்கையில் ஒரே ஆசை. வீட்டின் உள்ளறை அவனுக்கே அவனுக்கென்று வேண்டும். ஒரு கட்டில், ஒரு ரேடியோ, கேட்பாரில்லாத தூக்கம். பதினோரு வருஷம் காத்திருந்து, உரலையும் நெல்மூட்டையையும் வெளியேற்றி அறையைக் காலி செய்த அன்றைக்குத்தான் பெண்டாட்டி ஆறுமுகத்தாய் வாயைத் திறந்தாள். அவள் தாய்க்காரி சுடலைமாடத்தி வந்து தங்கப்போகிறாளாம். அறைக்குப் பளிச்சென்று வெள்ளையடிக்க வேண்டுமாம்.

மாமியார் முப்பது வருஷம் உப்பளத்தில் உப்பு வாரியவள். வந்து உட்கார்ந்தால் அவளும் உப்புமேடுதான். பெருமழை வந்தாலொழியக் கரையமாட்டாள்.

மாசானம் யோசித்தான். மறுநாளே பழைய சாமான் கடையிலிருந்து நாலு டின் கருஞ்சாம்பல் பெயிண்ட் வந்து இறங்கியது. கப்பலின் உடம்புக்கு அடிக்கிற சரக்கு. இந்த நிறத்துக்குள் எந்தக் கிழவி அரைநாள் தாங்குவாள்? மூடியைத் திறந்ததும் ஆறுமுகத்தாய் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னங்க, இது வீடா, கரிக்கப்பலா? எங்கம்மா வார அறைக்கு வெள்ளைதான் அடிக்கணும்."

"ஏளா, வீடு யாரு வீடு? நான் சொல்லுத நிறந்தான்."

"ஜன்னலுக்கு எதுத்த சுவரையாவது விட்டிருங்க. வெயில் பட்டு வெளிச்சம் வரும்லா."

முதல் பூச்சு அந்தச் சுவருக்குத்தான் விழுந்தது. மச்சை விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சினாள். ஏணி போட்டு ஏறினான். ஜன்னல் கண்ணாடியைத் தொட்டால் பிறந்த வீட்டுக்கே போய்விடுவேன் என்றாள். கண்ணாடிக்கு இரட்டைப் பூச்சு. தவறி உள்ளே போன கோழி ஒன்று, பகல் பதினோரு மணிக்குப் பொழுது சாய்ந்ததென்று அடைந்துகொண்டது. பக்கத்து வீட்டு பிளாரன்ஸ் எட்டிப் பார்த்துவிட்டு, மழை இருட்டுகிறதே என்று காயப்போட்ட துணியை எடுக்க ஓடினாள். மாசானம் மீசையை முறுக்கிக்கொண்டான்.

நாலாம் நாள் மாமியார் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக. ஒரு கண்ணில் பஞ்சு, அதன்மேல் பச்சைத் துணி. மகள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். இதோ அலறப்போகிறாள் என்று மாசானம் கதவோரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான்.

உள்ளேயிருந்து நீளமாய் ஒரு பெருமூச்சு. "ஆத்தாடி, கண்ணுக்கு என்ன குளுமை."

வெளியே வந்த ஆறுமுகத்தாய் நிதானமாக விளக்கினாள். உப்பளத்து வெள்ளையைப் பார்த்துப் பார்த்தே கெட்ட கண். அறுவை முடிந்து நாற்பது நாள் வெள்ளைச் சுவரே ஆகாது, வெளிச்சம் புகாத அறை வேண்டும் என்று டாக்டர் சொல்லி மூணு வாரமாகிறதாம்.

"பின்ன ஏன்ளா வெள்ளையடி வெள்ளையடின்னு அந்த அழுகை அழுத?"

"சாம்பல் அடிங்கன்னு சொல்லியிருந்தா அடிச்சிருப்பீயளா?"

நாற்பது நாள்தானே என்று அவன் விரலை மடக்கத் தொடங்கும்போது உள்ளேயிருந்து மாமியார் குரல்:

"மருமவனே, இது இடது கண்ணு. வலது கண்ணைத் தை மாசம் அறுக்கலாம்னு டாக்டர் சொல்லியிருக்காவ."

இதை நான்தான் சொன்னேன் என்று மூச்சு விட்டுவிடாதீர்கள், ஐயா. மாசானத்தின் வின்ச்சுக்குக் கீழேதான் நான் தினமும் நடந்து போகிறேன்.