மாதாவும் போரிங் பாரும்

"உங்கட மெசினாலை மாதா திரும்பவும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிக்கிறா."

இதைச் சொல்லிக்கொண்டே மெற்றில்டா தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தாள். வைத்தாள் என்பது மரியாதைக்கு. பாதித் தேத்தண்ணி றெனால்டின் சாரத்தில் இருந்தது.

றெனால்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பஸ் டிப்போவில் காலமெல்லாம் இரும்பு கடைகிற லேத் மெசினில் நின்ற மனிசன், இளைப்பாறின காசில் தனக்கென்று ஒரு பழைய லேத் வாங்கி, பள்ளிமுனை வீட்டின் பக்கத்தறையில் ஏற்றிவிட்டான். ஊரில் வேறு இடமில்லாததுபோல. அந்த அறைக்கும் ஹோலுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். ஹோல் பக்கத்தில், இரண்டு இரும்புத் தாங்கிகளின் மேல் ஆணி அடிக்காமல் வைத்த ஒரு தேக்கம்பலகை. பலகையில் மாதா சுரூபம், பக்கத்தில் பூச்சாடி, மெழுகுதிரி. மெசின் அதிரச் சுவர் அதிரும். சுவர் அதிர மாதா மெல்ல மெல்லத் திரும்புவா. பின்னேரம் செபமாலைக்கு முழந்தாளிட்டால் முதுகுதான் தரிசனம்.

"பிழை மெசினிலை இல்லை," என்றான் றெனால்ட். "போரிங் பாரிலை."

பார் என்றால் நுனியில் வெட்டுகிற அலகு வைத்த கம்பி. இரும்புச் சாமானின் துவாரத்துக்குள் அதை விட்டு உள்பக்கத்தைச் சுரண்டிப் பெருப்பிப்பது. இதைப் பெரிய பிரசங்கமாகவே வைத்தான்.

"ஒல்லியாய் நீளமாய் இருந்தால் நடுங்கும். மொத்தமாய்க் கட்டையாய் இருந்தால் நடுங்காது. விளங்குதோ?"

மெற்றில்டா புருசனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். அதற்கு அதிக நேரம் எடுக்கவில்லை. "அப்ப என்ரை அம்மாவைக் கண்டால் நீங்கள் ஏன் நடுங்கிறியள்?"

விறாந்தையில் ஒருவர் இருமினார். கரைவலை இழுக்கிற கப்பியோடு வந்து நின்ற ஸப்ராஸ். கப்பியின் நடுத் துவாரத்தைப் பெருப்பிக்கவேணும். வெளியாள் ஒருவர் கேட்டுவிட்டாரே என்ற ரோசத்தில் றெனால்ட் சபதம் போட்டான்: நாளைக்கு வேறு பார் பூட்டிக் கப்பியைக் கடைவான். மாதா ஒரு நூல் திரும்பினாலும் லேத்தைப் பின்வளவுக் கொட்டிலுக்குக் கொண்டுபோவான். ஸப்ராஸ் சாட்சி.

கொட்டிலில் கரண்டும் இல்லை, கதவும் இல்லை. கடல் காற்று அடித்தால் ஒரு மாரியோடு லேத் துரு. அது தெரிந்துதான் மெற்றில்டா உடனே ஓம் என்றாள்.

அன்றிரவு உள்ள பார் எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பினான். பெண் பார்க்க வந்தபோதுகூட இவ்வளவு வடிவாய்ப் பார்க்கவில்லை. ஒன்று தூண்டில் தடிபோல வளைந்தது. ஒன்று துவாரத்தை அடைத்துக்கொண்டது. வெட்டுத் தூள் வெளியே வர வழியில்லை. கடைசியில் பெருவிரல் மொத்தத்தில் ஒன்று. தேவையான அளவு மட்டும் வெளியே நீட்டி, மிச்சத்தை இறுக்கிப் பிடித்தால் அசையாது. சரியான தெரிவு. அதை நானும் மறுக்கவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். விட்டானா? விடிய மெற்றில்டா பூசைக்குப் போன நேரம், பைபர் வள்ளத்துக்குப் பூசுகிற ரெசினில் கொஞ்சம் எடுத்து மாதாவின் காலடியில் பூசிப் பலகையோடு ஒட்டிவிட்டான். கடலே கழற்றாத பிசின்.

மெற்றில்டா பூசையால் வந்து ஹோலுக்குள் போனாள். ஸப்ராஸும் வந்தார். லேத் ஓடியது. வயிறு நிறைஞ்ச பூனைபோல ஒரு சின்ன உறுமல், அவ்வளவுதான். துவாரத்தின் உள்பக்கம் பளபளத்தது.

"கண்ணாடிதான் அண்ணன்," என்றார் ஸப்ராஸ்.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு றெனால்ட் ஹோலுக்குள் வந்தான். மாதா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றா.

"இருக்காது. அவ திரும்ப ஏலாது."

"ஏன் ஏலாது?" மெற்றில்டா அமைதியாய்க் கேட்டாள். கொன்வென்ற்றில் மதர்மார் பிள்ளைகளிடம் உண்மையைக் கறக்கிற குரல்.

றெனால்ட் வாயைத் திறந்தான். பூச்சாடி வைத்த இடத்தில் இருந்தது. மெழுகுதிரியும் அசையவில்லை. ஆனால் பலகையின் பொலிஷ் போடாத பின்விளிம்பு இப்போது முன்னுக்கு இருந்தது. பலகையையே தூக்கித் திருப்பி வைத்திருக்கிறாள். சொல்லலாம். சொன்னால், பலகையை ஏன் திருப்பவேண்டி வந்தது என்றும் சொல்லவேணும். மாதாவை வள்ளத்துப் பிசினால் ஒட்டினவன் என்று கோயில் பங்கு முழுக்கப் பேர் எடுக்கவேணும்.

நேராய் இருந்த பூச்சாடியை நேராக்கினான்.

"என்ரை பார் நல்ல பார்," என்றான், அழாக்குறையாய்.

"ஆர் இல்லையெண்டது? மாதாவுக்குத்தான் பிடிக்கேல்லைப் போல."

"சாட்சிக்குத்தானே அண்ணன் என்னை வரச் சொன்னீங்க," என்று ஸப்ராஸ் சட்டைக் கையை மடித்துக்கொண்டு லேத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்தார்.

பின்னேரம் மாதா பலகையோடு நேராய்த் திரும்பி நின்றா. ஹோலில் செபமாலை தொடங்கியது. இருட்டுக் கொட்டிலில், சாக்குப் போர்த்தின லேத்துக்குப் பக்கத்தில் நின்று றெனால்ட் கூப்பிட்டான். உள்ளே மெற்றில்டாவின் 'அருள் நிறைந்த மரியே' இன்னும் கொஞ்சம் உரத்துக் கேட்டது. அவன் திரும்பவும் கூப்பிட்டான்.

"மெற்றில்டா, கரண்டுக்கு வயர் இழுக்கவேணும். ஏணியை ஒருக்கா வந்து பிடியுமன்."