நலம் விசாரிக்கப் போன சங்கிலி

சங்கிலி இருமிக்கொண்டே உள்ளே நுழைந்தான். கட்டிலில் கிடந்த ஒச்சாண்டி, சத்தம் கேட்டதும் துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

"மாமா, இழுப்பு தேவலையா? திராட்சை வாங்கியாந்திருக்கேன்."

துண்டுக்குப் பதிலாக மகள் ஜோதிலட்சுமிதான் சொன்னாள். "மச்சான், வருத்தப்படாதீக. நீங்க இங்கன வராம இருந்தாலே அப்பா பொழைச்சுக்கிருவாக."

சங்கிலி, கம்பத்திலிருந்து கேரளா எஸ்டேட்டுகளுக்கு ஆள் ஏற்றும் ஜீப் டிரைவர். ஏலத்தோட்டத்தில் இலை கீறிய வலது கண் புண்ணாகி, ஆறி, பூ விழுந்துவிட்டது. ஜீப் ஷெட்டில் நின்றது. இறந்தவர் யாருடைய கண்ணாவது தானமாகக் கிடைத்தால் கருவிழி மாற்றலாம், போன் வரும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அதை அவன் டீக்கடையில் சொன்னதுதான் தப்பு. அன்றிலிருந்து அவன் யாரிடம் உடம்பு எப்படி என்று கேட்டாலும், அவர்களுக்கு உடனே குணமாகிவிட்டது.

போவதை நிறுத்தினான். "தகவலுக்குக் காத்திருக்கான்" என்றது டீக்கடை.

தன் கண்களையே தானமாக எழுதிக் கொடுத்தான். "பூ விழுந்ததைக் குடுத்துட்டு நல்லதை வாங்கப் பாக்குறான்."

வீரபாண்டி கௌமாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுத்து, ஒச்சாண்டி மாமாவுக்கு ஆயுசு கேட்டான். "கண்ணு குடுக்குற ஆத்தாகிட்டப் போயி எவனாச்சும் அடுத்தவனுக்கு ஆயுசு கேப்பானா?"

ஒருநாள் காலையில் ஒச்சாண்டியைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். மதியம் சங்கிலிக்குப் போன் வந்தது. கண் வந்துவிட்டது, உடனே கிளம்பி வரவும்.

"எனக்கு வேண்டாம்" என்று சங்கிலி அழுதான். உண்மையாகவே அழுதான். "மாமா கண்ண வச்சுக்கிட்டு ஜோதி மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

"போனவுக போயிட்டாக. ஜீப்பு நிக்கிதுல்ல, கெளம்புங்க" என்றாள் மனைவி ராஜாத்தி.

ஆஸ்பத்திரியில் யார் கண் என்று கேட்டான். சொல்லக்கூடாது என்றார் நர்ஸ். அவனுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

மறுநாள் கட்டை அவிழ்த்தார்கள். மங்கலாக வெளிச்சம், ஜன்னல், பக்கத்துக் கட்டில். அதில் ஒரு கண்ணில் கட்டோடு ஒச்சாண்டி உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தார். இவனைப் பார்த்ததும் துண்டைத் தேடினார்.

"மாமா!" சங்கிலிக்கு இருமல் பிடித்துக்கொண்டது.

ஜோதிலட்சுமி சட்னியை ஊற்றினாள். "அப்பாவுக்கும் பூ விழுந்த கண்ணுதான் மச்சான். ஊரு உங்களைப் பேசுன பேச்சைக் கேட்டு வெளியில சொல்லல. நீங்க வாறப்பல்லாம் இந்த இருமல் முத்திருச்சான்னுதான், துண்டுக்கடியில ஆசையா கேட்டுக்கிட்டுக் கெடப்பாக."