இருநூற்றுப் பதினாலு பேர் இடம்பெயர்ந்த வரலாறு

இன்சூரன்ஸ் ஏஜெண்டாகச் சேருகிறவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டிய இடங்கள் ஏழு. மேட்டுப்பட்டி சிலுவைமுத்து ஏழு இடத்திலும் போட்டார். ஏழும் ஒன்றுபோல இருந்தன. திண்டுக்கல் கிளை அதிகாரி வேலுமணி அவற்றைப் பார்த்து, "கையெழுத்துன்னா இதுய்யா கையெழுத்து" என்று மற்ற ஏஜெண்டுகளுக்கும் காட்டினார். கையெழுத்துகளுக்கு நடுவே இருந்த பன்னிரண்டு பக்கங்களைப் பற்றி இருவருமே பேசவில்லை.

அது எழுபத்தொன்பதாம் வருஷம். அதன்பிறகு ஆறு வருஷம் சிலுவைமுத்து வெயிலில் அலைந்தார். முதலில் சைக்கிள், அப்புறம் கடனில் வாங்கிய மொபெட். சின்னாளபட்டி நெசவாளிகள், சாணார்பட்டி தக்காளி விவசாயிகள், கன்னிவாடி தென்னந்தோப்புக்காரர்கள் என்று இருநூற்றுப் பதினாலு பேரிடம், "நாளைக்கு நீங்க செத்துப் போனீங்கன்னா" என்று சிரித்த முகத்தோடு சொல்லி, அடிவாங்காமல் திரும்பினார். அந்த இருநூற்றுப் பதினாலு பேர் கட்டும் தவணையிலிருந்து அவருக்கு மாதாமாதம் கமிஷன் வந்தது. வீட்டு வாடகை அதில் போனது. மொபெட் கடன் அதில் போனது. மகளின் டைப்ரைட்டிங் வகுப்பும் அதில்தான்.

எண்பத்தைந்தாம் வருஷம் செப்டம்பர் பதினைந்தாம் தேதி மதுரை மாவட்டத்தைப் பிரித்து, திண்டுக்கல்லைத் தலைநகராக வைத்துப் புது மாவட்டம் உண்டாக்கினார்கள். ஊரெல்லாம் தோரணம். சிலுவைமுத்து அரைக் கிலோ லட்டு வாங்கித் தெருவுக்குக் கொடுத்தார். "இனி கலெக்டரப் பாக்க மதுரைக்குப் பஸ் ஏற வேண்டாம்ல" என்றார். அதுவரை அவர் கலெக்டரைப் பார்த்ததில்லை. இனிமேலும் பார்க்கிற உத்தேசம் இல்லை. இருந்தாலும் சந்தோஷம்.

அக்டோபர் மாதக் கமிஷன் சீட்டில் தொகைக்கு நேராக ஒரு சுழி மட்டும் இருந்தது.

சிலுவைமுத்து ஆபீசுக்கு ஓடினார். வாசல் மேசையில் இருந்த குமாஸ்தா நூர் அகமது எழுந்து நின்று, துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார்.

"என்னண்ணே ஆச்சு, ஒங்க ஆளுக அம்புட்டுப் பேரும் ஊரை விட்டுப் போயிட்டாங்களாமே?"

"யாரு போனா?"

"உள்ள போய்க் கேளுங்க. சார் ரொம்ப வருத்தத்துல இருக்காரு."

வேலுமணி சார் வருத்தத்தில் வடை தின்றுகொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு ஒப்பந்தத்தை எடுத்து ஒன்பதாம் பிரிவை வாசித்தார்: "பாலிசிதாரர் மதுரை மாவட்ட எல்லையை விட்டு நீங்கி வேறு மாவட்டத்தில் நிரந்தரமாக வசிப்பாராயின், அன்னார் செலுத்தும் தவணைகளின் பேரில் முகவருக்குரிய கமிஷன் அத்தினம் முதல் அற்றுப்போகும்."

"சார், ஒருத்தர்கூட வீட்டை விட்டு நகரலையே!"

"அவங்க நகரலை. மதுரை மாவட்டத்துல இருக்காங்களா?"

"இல்ல சார்."

"வேற மாவட்டத்துலதான இருக்காங்க?"

"ஆமா சார்."

"அப்பறம் என்ன? ஒரே ராத்திரியில இருநூத்திப் பதினாலு குடும்பம் மாவட்டம் மாறியிருக்கு. ஏஜெண்டு நீங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

சிலுவைமுத்துவுக்கு லட்டு ஞாபகம் வந்தது.

இருந்தாலும் அதிகாரி கல்நெஞ்சர் அல்லர். இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கி வந்தால் மேலிடத்துக்கு எழுதிப் பார்ப்பதாகச் சொன்னார். சிலுவைமுத்து மூன்று நாள் மொபெட்டில் அலைந்தார். ஊருக்கு ஊர் டீ வாங்கிக் கொடுத்தார். கடைசியில் சான்றுகள் கிடைத்தன. எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: "மேற்படியார் 14.9.85 வரை மதுரை மாவட்டத்திலும் 15.9.85 முதல் திண்டுக்கல் மாவட்டத்திலும் வசித்து வருகிறார்."

வேலுமணி அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "பாத்தீங்களா, அரசாங்கமே முத்திரை குத்திச் சொல்லுது. போயிட்டாங்க" என்று சான்றுகளைக் கோப்பில் சேர்த்துக்கொண்டார்.

அப்போது நூர் அகமது ஒரு கட்டுக் காகிதத்தோடு உள்ளே வந்தார். ஆபீசில் வேலை பார்க்கும் பதினோரு பேருக்கும் இடமாற்றப் படி கேட்டு எழுதிய மனு அது. மேசை நாற்காலிகளை லாரியில் ஏற்றி இறக்கிய கூலி, சாமான் கட்டிய சணல், சாக்கு எல்லாம் அதில் இருந்தன. அதிகாரியின் பேரில் தனியாக ஒரு கட்டில், ஒரு கிரைண்டர், ஒரு பசுமாடு.

"எங்கேருந்து சார் எங்க வந்தீங்க?" என்று சிலுவைமுத்து கேட்டார்.

"மதுரை மாவட்டத்துலேருந்து திண்டுக்கல் மாவட்டத்துக்கு."

"ஆபீசு இங்கனயேதான சார் இருக்கு?"

"இருக்கு. ஆனா மாறிருச்சுல்ல" என்று சொல்லிக்கொண்டே வேலுமணி மாட்டுக்கு நேராகக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் மனைவி ஜெசிந்தா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். அவள் சத்துணவு மையத்தில் அமைப்பாளர். நூறு கிராம் பருப்புக்கு நாலு பதிவேடு எழுதுகிறவள்.

"ஏங்க, கையெழுத்துப் போட்டீங்களே, படிச்சீங்களா?"

"படிக்கிறதுக்கா குடுத்தாங்க? கையெழுத்துப் போடத்தான குடுத்தாங்க."

"அரசாங்கக் காகிதத்துல மேல இருக்கிறது அவங்களுக்கு. அடியில பொடி எழுத்துல இருக்கிறதுதாங்க நமக்கு. குடுங்க இப்பிடி."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, முற்றத்து வெயிலில் உட்கார்ந்து அவள் படித்தாள். வெஞ்சனம் அடுப்பில் தீய்ந்தது. மகள், "அம்மா படிக்குது" என்று பக்கத்து வீட்டு ரேடியோவைக் குறைக்கச் சொன்னாள். பத்தாம் பக்கத்தில் ஜெசிந்தா சத்தமாக வாசித்தாள்.

"அரசு ஆணையின் பேரில் இடம்பெயர்ந்த பாலிசிதாரர்களுக்கு ஒன்பதாம் பிரிவு பொருந்தாது. ஆயின் அவ்வாணையின் நகலை, ஆள் ஒன்றுக்கு ஒன்று வீதம், அறுபது நாட்களுக்குள் முகவர் சமர்ப்பித்தல் வேண்டும்."

"அது உத்தியோகத்துல மாத்தலாகிப் போறவங்களுக்குடீ."

"அப்பிடி எங்க எழுதிருக்கு? மாவட்டத்தப் பிரிச்சது யாரு? நம்ம பக்கத்து வீட்டுக்காரரா? கெஜட்டுல போட்டுத்தான பிரிச்சாங்க!"

சிலுவைமுத்து விரல் விட்டு எண்ணினார். அறுபது நாளில் மீதி இருந்தது நாலு.

மறுநாள் கெஜட் அறிவிப்பு ஒன்றைத் தேடிப் பிடித்து, சைக்ளோஸ்டைல் கடையில் இருநூற்றுப் பதினாலு பிரதி போட்டார்கள். ஜெசிந்தா ஒவ்வொன்றின் தலைப்பிலும் ஒரு பெயர் எழுதினாள். அவள் அப்பா கொடுத்த ஒரு ஜோடித் தோடு அன்று அடகுக் கடைக்குப் போனது. ஐம்பத்தொன்பதாம் நாள் காலையில் சிலுவைமுத்து காகித மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய் அதிகாரி மேசையில் வைத்தார். இதுவும் போனால் மொபெட்டை விற்பதைத் தவிர வேறு வழி இல்லை.

வேலுமணி பத்தாம் பக்கத்தைப் படித்தார். ஆறு வருஷத்தில் முதல் தடவையாகப் படிக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. முன்னும் பின்னும் புரட்டினார். பிறகு சீறினார்.

"என்னய்யா வெளாட்டு இது? அரசாங்கம் இவங்கள எங்க இடம்பெயர்த்துச்சு? அவனவன் இருந்த எடத்துலதான இருக்கான்! ஒருத்தனாவது நகர்ந்தானா?"

"நகரலையா சார்?"

"நகரவே இல்ல!"

"அப்ப ஒன்பதாம் பிரிவே கெடையாது. கமிஷனக் குடுங்க சார்."

அதிகாரி பத்தாம் பக்கத்தை மறுபடி புரட்டினார். "இல்ல, நகர்ந்தாங்க... ஆனா..."

"நகர்ந்திருந்தா அரசாங்கந்தான சார் நகத்துச்சு? பத்தாம் பக்கப்படி கமிஷனக் குடுங்க."

நூர் அகமது மேசைப் பக்கம் குனிந்து, பணிவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கிறமாதிரி சொன்னார்: "சார், யாருமே நகரலைன்னு எழுதுனா, லாரிக் கூலியத் திருப்பிக் கட்டணும். மாட்டையும்."

வேலுமணி பேனாவைத் திறந்தார். மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். மேற்படி இருநூற்றுப் பதினாலு குடும்பங்களும் அரசு ஆணைக்குக் கட்டுப்பட்டு, சொந்த மண்ணை விட்டு, எவ்வித அசம்பாவிதமும் இன்றிப் புதிய மாவட்டத்தில் குடியேறிய விவரத்தை அவர் உருக்கமாக விவரித்திருந்தார். டிசம்பரில் நிலுவையோடு கமிஷன் வந்தது. தோடு திரும்பியது.

இந்தச் செய்தி பரவியதும் சிலுவைமுத்துவுக்கு ஒரு புது மரியாதை உண்டாயிற்று. பொடி எழுத்துப் படிக்கத் தெரிந்த மனுஷன் என்று ஆட்கள் தேடி வந்து பத்திரம், ரேஷன் கார்டு, நகைச் சீட்டு எல்லாம் கொண்டுவந்து காட்டினார்கள். அவரும் கண்ணாடி ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டார்.

தை மாதம் தவணை வாங்கச் சின்னாளபட்டிக்குப் போனபோது, நெசவு நெய்கிற பழனியம்மாள் தறிக்குழியிலிருந்து ஏறிவந்து, டிரங்குப் பெட்டியைத் திறந்து தன் பாலிசியை நீட்டினாள்.

"தம்பி, நீங்க சொன்னீங்கன்னு கைநாட்டு வெச்சேன். உள்ள என்ன எழுதிருக்குன்னு இன்னைவரைக்கும் தெரியாது. இந்தக் குழியில எறங்கையில ரெண்டு தரம் வழுக்கிருச்சு. இடுப்பு கிடுப்பு முறிஞ்சா காசு வருமா? செத்த படிச்சுச் சொல்லுங்க."

சிலுவைமுத்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பின்பக்கம் அடியில் இருந்தது: "விபத்து நிவாரணம் கோர, விபத்தானது மதுரை மாவட்ட எல்லைக்குள் நிகழ்ந்திருத்தல் வேண்டும்." அரசு ஆணையைப் பற்றி எங்காவது ஒரு வரி இருக்கிறதா என்று முன்னும் பின்னும் தேடினார். இல்லை. இருநூற்றுப் பதினாலிலும் இதே தாள்தான் என்று அவருக்குத் தெரியும். இதைச் சொன்னால் எத்தனை பேர் அடுத்த மாதம் தவணை கட்டுவார்கள் என்பதும் தெரியும்.

காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தார்.

"எல்லாஞ் சரியாத்தான்க்கா இருக்கு. விழுறப்ப மட்டும் கொஞ்சம் யோசிச்சு விழுங்க."

"இதென்ன தம்பி பேச்சு! விழுறவ யோசிச்சுக்கிட்டா விழுவா?"

"அப்பிடி விழுந்துதான் ஆகணும்னா, பஸ் ஏறி மதுரை எல்லைக்குள்ள, வாடிப்பட்டிப் பக்கம் போயிருங்க. அங்கிட்டுக் காத்து நல்லாருக்கும்."

ஏஜெண்டுத் தம்பிக்குத்தான் என்ன குசும்பு என்று பழனியம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்த சூட்டோடு அந்த மாதத் தவணையையும் முந்தியிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தாள்.

அவள் அப்படி விழுந்து விழுந்து சிரித்த இடம், கெஜட்டின்படி, திண்டுக்கல் மாவட்டம்.