படத்துக்கு அடியில் நான் எழுதிய உண்மைகள்

அன்பும் மரியாதையும் மிக்க மச்சான் அவர்களுக்கு,

தாங்களும் அக்காவும் நலம்தானே? இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, மானம்தான் கப்பலேறிவிட்டது. மூன்று நாளாகத் தூக்கமில்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

எல்லாம் தங்கள் மருமகளால் வந்தது. என் மகள்தான், ஆனால் இந்த விஷயத்தில் தங்கள் மருமகள் என்றே சொல்லிக்கொள்கிறேன். கண் தெரியாதவர், காது கேளாதவர் என்று ஒருத்தர் விடாமல் எல்லாரும் பயன்படுத்துகிற மாதிரி மென்பொருள் செய்வது அவள் வேலை. அதை ஆபீசோடு நிறுத்திக்கொள்ளக் கூடாதா? எங்கள் குடியிருப்போர் சங்கத்து வெப்சைட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "அப்பா, மூணாவது மாடி வக்கீலம்மாவுக்குக் கண்ணு தெரியாது. அவங்க போன் இதைப் படிச்சா 'படம், படம், படம்'னுதான் சொல்லும். பதினோரு வருஷமா செயலாளரா இருந்து என்னதான் பண்றீங்க?" என்று கேட்டாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒவ்வொரு படத்துக்கும் அடியில் விளக்கம் எழுத வேண்டுமாம். பார்க்கிறவர்கள் கண்ணில் அது படாதாம், போன் மட்டும் படித்துச் சொல்லுமாம். "பாக்கறதை அப்படியே எழுதுங்க, மழுப்பாதீங்க" என்றாள். யாருக்குத் தெரியப்போகிறது என்ற தைரியத்தில், குடியிருப்பவர்களிடம் வாங்கிப் போட்டிருந்த நாற்பது படத்துக்கும் மனசாட்சிப்படி எழுதித் தொலைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சங்கத் தேர்தல். வக்கீலம்மா முதல்முறையாகக் கூட்டத்துக்கு வந்து, முன்வரிசையில் உட்கார்ந்து, போனைத் தட்டினார். காதில் மாட்டுகிற ஒயரைச் சரியாகச் சொருகவில்லை போலிருக்கிறது. ஐயோ மச்சான், அது கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்த ஆரம்பித்தது: "சங்கத் தலைவர். தலைக்குச் சாயம் அடித்திருக்கிறார், மீசையை மறந்துவிட்டார். துணைத் தலைவர். இருபது வருடத்துக்கு முந்தைய படம், நேரில் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். செயலாளரின் மனைவி. கோபமாக இருக்கிறார். எதற்கென்று தெரியவில்லை."

தங்கள் தங்கை எழுந்து நின்றாள். நான் வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்தேன். வக்கீலம்மாவோ விழுந்து விழுந்து சிரிக்கிறார். "மூணு வருஷமா இவங்ககூடத்தான் லிப்டுல போறேன். யாரு எப்படி இருப்பாங்கன்னு இன்னிக்குத்தான் ஒருத்தர் சொல்லியிருக்கார். சரி, செயலாளருக்கு நான் நிக்கலாமா?" என்றார். நின்றார், ஜெயித்தார். எனக்கு விழுந்தது ஒரே ஓட்டு, அதுவும் நானே போட்டது. வீட்டில் இரண்டு ஓட்டு இருந்தும் இந்தக் கதி.

ஆகவே தாய்மாமன் என்ற முறையில் தாங்கள் உடனே புறப்பட்டு வந்து, மகளைக் கண்டித்து, தங்கையைச் சமாதானப்படுத்தி, என்னோடு பேசச் சொல்ல வேண்டும். அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் எந்தச் சங்கத்திலும் சேராமல் நீடூழி வாழ ஆசி கூறுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் தங்கை கணவன்,
முன்னாள் செயலாளர்

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடவும், வர வேண்டாம். உறையை ஒட்டப்போகிற நேரத்தில் வக்கீலம்மாவே வந்து, "சார், என் படத்துக்கு என்ன எழுதியிருக்கீங்க?" என்று கேட்டார். படமே இல்லை, மச்சான். எல்லாரிடமும் கேட்டு வாங்கிய நான் அவரிடம் மட்டும் கேட்கவில்லை. பார்க்க முடியாதவருக்குப் படம் எதற்கு என்று நினைத்துவிட்டேன். வெட்கத்தில் தலை நிமிர முடியவில்லை. மகள் போனை என் கையில் கொடுத்தாள். படம் எடுத்தேன். "இப்ப சொல்லுங்க, எப்படி இருக்கேன்?" என்றார். "சிரிச்சுக்கிட்டு இருக்கீங்கம்மா" என்றேன். "அது எனக்கே தெரியும் சார். தெரியாததைச் சொல்லுங்க" என்கிறார்.