நெத்திலி காய்ந்த டிரம்

நல்லதுக்கும் கெட்டதுக்கும் நடுவே ஒன்றைத் தேர்ந்தெடுப்பது பெரிய காரியமில்லை. எந்த மடையனும் செய்துவிடுவான். இரண்டுமே நல்லதாக இருக்கும்போதுதான் ஒரு மனிதனின் மடத்தனம் முழுசாக வெளியே வரும். என்னுடையது தங்கச்சிமடத்தில், ஒரு கல்யாணப் பந்தலில், ஊரே பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது வெளியே வந்தது.

அப்போது தனுஷ்கோடிக்கு ரயில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் மாதா கோயில் பேண்டு செட்டில் நான் டிரம் அடிப்பவன். கழுத்தில் மாட்டிக்கொண்டு அடிக்கிற ஒற்றைப் பெரிய டிரம். மாட்டிக்கொண்டால் எதிரே வருகிற மாடு தெரியாது. (ஒருமுறை தெரியவில்லை. மாட்டுக்கும் நான் தெரியவில்லை.) எங்கள் தலைவர் அருளப்பண்ணன் டிரம்பெட் வாசிப்பார். கொழும்புக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து அவருக்கு ஒரே புலம்பல்.

"ஏலே அந்தோணி, அங்கன ஓட்டல்ல ஒருத்தன் ஸ்டூல்ல உக்காந்துக்கிட்டு கையில நாலு, கால்ல ரெண்டுன்னு அடிக்கான். நீயும் இருக்கியே, கோயில் மணி அடிக்கிறவன் மாதிரி!"

கடைசியில் படகு வைத்திருப்பவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து, உட்கார்ந்து அடிக்கிற டிரம் செட் ஒன்றைக் கோயிலுக்கு வாங்கித் தருவதாகச் சொன்னார்கள். சொன்னது ஒன்று. விலைக்கு வந்து நின்றது இரண்டு.

முதல் செட் பெரியபட்டினம் காதர் மரைக்காயருடையது. கொழும்போடு வியாபாரம் செய்தவர். மகன் ஆசைப்பட்டான் என்று அங்கிருந்து வாங்கி வந்திருந்தார். மகன் கொழும்புக் கடையைப் பார்க்கப் போய்விட, செட் வீட்டில் உறைக்குள் கிடந்தது. சிவப்பு நிறம். உச்சி வெயிலில் கடல் மினுமினுக்குமே, அந்த மினுக்கத்தைச் சிவப்புச் சாயத்தில் முக்கி எடுத்த மாதிரி. தோலுக்குப் பதிலாக ஏதோ புதுவித பிளாஸ்டிக். குச்சியால் தொட்டால் போதும், கண்ணாடித் தட்டில் மிளகு கொட்டியது போலச் சத்தம் தெறிக்கும்.

இரண்டாவது செட், மண்டபம் ரயில்வே குடியிருப்பிலிருந்த ஆங்கிலோ இந்தியரான டெய்சி அம்மாவுடையது. அவர் கணவர் எஞ்சின் டிரைவர். ரயில்வே கிளப்பில் சனிக்கிழமை டான்சுக்கு டிரம் வாசித்தவர். அவர் இறந்த பிறகு செட் சும்மா இருந்தது. யானைத்தந்த வெள்ளை. பூட்டியிருந்தது கன்றுத்தோல். அதன் பெரிய டிரம்மின் மிதிகட்டையை மிதித்தால், பாறைக்கு அடியில் அலை போய் மோதித் திரும்புகிற மாதிரி அடிவயிற்றில் ஒரு 'தூம்' கேட்கும்.

இரண்டையும் கோயில் மண்டபத்தில் வைத்து ஒரு வாரம் அடித்துப் பார்க்க விட்டார்கள். ஊரிலேயே ராஜா நான்தான். காலையில் சிவப்பு, மாலையில் வெள்ளை. அடிக்கிற நேரத்தைவிடத் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம் அதிகம். கண்ணை மூடினால்தான் 'டோன்' தெரியும் என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். (டோன் என்றால் என்னவென்று யாராவது கேட்டிருந்தால் நான் ஊரைவிட்டே போயிருக்க வேண்டும்.)

"ரெண்டுல எதுடா?" என்றார் அருளப்பண்ணன்.

"அண்ணே, அது பேசுது. இது பாடுது."

"பேசட்டும், பாடட்டும்! எத வாங்குறது?"

எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அத்தனை நல்ல பொருள் எதையும் அதற்கு முன் நான் தொட்டதே இல்லை. தப்பித்துக்கொள்ள ஒரு வழி சொன்னேன். புதன்கிழமை ஒரு படகு முதலாளி வீட்டுக் கல்யாணம். பந்தலில் மணமக்கள் வரும்போது சிவப்பு, பந்தி நடக்கும்போது வெள்ளை. எது நன்றாக இருக்கிறதென்று ஊரே சொல்லட்டும். செட்டுக்காரர்கள் இருவரும்கூட வந்து பார்க்கட்டும். இதைச் சொன்னபோது என்னை நானே ஒரு நீதிபதியாக நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை வாடைக்காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்தது. மறுநாள் காலை வெள்ளை டிரம்மை மிதித்தேன். நனைந்த சாக்கில் உதைத்த மாதிரி 'தொப்' என்றது. செட்டைக் கொடுக்கும்போதே டெய்சி அம்மா சொல்லியிருந்தார்: "ஈரக்காத்துல தோல் தொங்கும் மேன். பக்கத்துல ஒரு அரிக்கேன் லைட் வச்சா போதும். வெயில்ல மட்டும் வச்சிராதே." அரிக்கேன் விளக்கு எங்கே, நம்ம ஊர் சூரியன் எங்கே! பெரிய டிரம்மைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். என் அம்மா பழைய வலையை விரித்து நெத்திலி காய வைத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் படுக்க வைத்தேன். அங்கே எது வைத்தாலும் நன்றாகக் காயும் என்பது அனுபவம். பிறகு டீக்கடைக்குப் போய் டோனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்துவிட்டேன்.

திரும்பி வந்தபோது டிரம்மைக் காணவில்லை. வட்டமாக ஒரு நெத்திலிக் குவியல்தான் இருந்தது.

"அம்மா! என்னம்மா செஞ்சு வச்சிருக்க?"

"வெள்ள வெளேர்னு பலகை கணக்கா கெடந்துச்சு. மண்ணு ஒட்டாம காயுமேன்னு பரப்புனேன். ஏன்டா, இது என்ன சாமான்?"

நெத்திலியை வழித்துவிட்டுத் தட்டினேன். கணீரென்றது! சத்தம் வந்துவிட்டது, வாடை போகவில்லை. தோலைக் கழுவ முடியாது. தங்கச்சியின் முகப்பவுடர் டப்பாவை எடுத்து முழுசாகக் கொட்டித் தேய்த்தேன். இப்போது அது, சினிமாவுக்குக் கிளம்பிய கருவாடு மாதிரி மணத்தது.

பந்தலில் சிவப்பு செட் பிரமாதமாக ஒலித்தது. மரைக்காயர் முன்வரிசையில் உட்கார்ந்து மெல்லத் தலையாட்டினார். பந்தி ஆரம்பித்ததும் வெள்ளை செட்டுக்கு மாறினேன். முதல் மிதிக்குப் பெரிய டிரம்மிலிருந்து ஒரு வெண்மேகம் கிளம்பி மாப்பிள்ளையின் கோட்டில் இறங்கியது. இரண்டாவது மேகம் கோயில் சாமியாரின் இலையை நோக்கிப் போனது. அருளப்பண்ணன் டிரம்பெட்டை வாயிலிருந்து எடுக்காமல் கண்ணாலேயே என்னைத் திட்டினார்.

அப்போதுதான் பூனைகள் வந்தன. கல்யாண வீட்டுப் பூனைகள். ஆனால் மீன் குழம்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக டிரம்முக்கு முன்னால் வந்து, பாட்டுக் கேட்க வந்த பெரிய மனிதர்கள் போல உட்கார்ந்தன. மிதித்தால் ஓடும், அடுத்த மிதிக்குள் திரும்பி வரும். ஒரு தடித்த கடுவன் மட்டும் நகரவே இல்லை. முகர்ந்தது, நக்கியது, பிறகு நகத்தைப் போட்டு ஒரே இழுப்பு. முன்பக்கத் தோல் கிழிந்து, பூனை தலைகுப்புற உள்ளே போய்விட்டது.

எனக்குக் கால் நிற்கவில்லை. பயத்தில் மிதித்துக்கொண்டே இருந்தேன். 'தூம்' என்றால் 'மியாவ்'. 'தூம் தூம்' என்றால் 'மியாவ் மியாவ்'. பூனை தாளம் தப்பவில்லை என்பதை இன்றைக்கும் மரியாதையோடு சொல்வேன். பந்தியில் சிரிப்பு வெடித்தது. எழுந்து ஓடப் பார்த்தவன் தடுக்கிப் பக்கத்திலிருந்த சிவப்பு செட்டின் மேல் விழுந்தேன். அதன் தாளத்தட்டு ஒன்று கழன்று, பந்தல் முழுக்க உருண்டு, காதர் மரைக்காயரின் காலடியில் போய் நின்றது.

அவர் அதைக் குனிந்து எடுத்தார். தோள் துண்டால் துடைத்தார். என்னிடம் கொண்டுவந்து கொடுத்து, "தம்பி, கோவிச்சுக்கிறாதீங்க. எங்க செட்டோட பூனை தர்றதில்ல" என்றார்.

பந்தலின் கடைசியில் டெய்சி அம்மா எழுந்தார். கவுனும் தொப்பியுமாக அவர் நடந்து வர, சிரிப்பு அடங்கியது. கணவரின் டிரம். எனக்கு அங்கேயே மணலுக்குள் புதைந்துபோகலாம் போலிருந்தது. அவர் குனிந்து, பூனையைப் பிடரியில் பிடித்து வெளியே எடுத்துவிட்டார். கிழிசலை விரலால் தடவினார்.

"என்ன மேன் பண்ணே?"

"வெயில்ல வச்சேன்மா. அம்மா அது மேல நெத்திலி... நான் பவுடர்..."

அவர் என்னையே பார்த்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். இல்லை, சிரிக்கிறார்! தொப்பி கழன்று விழுகிற சிரிப்பு. "ஓ மை காட்! என் ஜானி இருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பான்!" என்றார். பிறகு என் கையிலிருந்த குச்சிகளை வாங்கிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

டெய்சி அம்மாவுக்கு டிரம் வாசிக்கத் தெரியும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. கிழிந்தது முன்பக்கம்தானே, மிதி விழுகிற பக்கம் நன்றாகத்தான் இருந்தது. அவர் மிதித்தார். பழைய நீண்ட 'தூம்' இல்லை. 'தும்' என்று சுருக்கமாக, காய்ந்த மரத்தில் உளி இறங்கியது போல நறுக்கென்று ஒரு சத்தம். அவரே ஒரு கணம் நிறுத்தி, புருவத்தை உயர்த்தி, மறுபடி மிதித்துப் பார்த்தார். அதன்மேல் இரண்டு கையும் ஓட ஆரம்பித்தன. ரயில் பாம்பன் பாலத்தில் ஏறுகிறது, வேகம் பிடிக்கிறது, கீழே தண்ணீர், மேலே காற்று. எல்லாம் எங்களுக்குக் கேட்டது. பரிமாறுகிறவர்கள் வாளியோடு நின்றுவிட்டார்கள். அருளப்பண்ணன் டிரம்பெட்டைத் தூக்கினார், மறுபடி இறக்கிவிட்டார். அப்படி ஒரு வாசிப்பை நான் அதற்குப் பிறகும் கேட்டதில்லை.

முடிந்ததும் முதலில் பேசியது மரைக்காயர்தான். "மாஷா அல்லாஹ்! அருளப்பா, அந்தம்மா செட்டையே எடுத்துக்கிருங்க. என் செட்டு அழகு. அது உசிரோட இருக்கு." சற்று யோசித்து, "பூனை வெளிய வந்த பொறவும்" என்றார்.

விற்க வந்தவரே அடுத்தவர் பொருளுக்குச் சாட்சி சொன்னதை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். எனக்கு ஒரு வாரம் கண்ணை மூடியும் தெரியாதது, அவருக்குக் கண்ணைத் திறந்துகொண்டே தெரிந்தது. வெள்ளை செட் கோயிலுக்கு வந்தது. டெய்சி அம்மா போட்ட நிபந்தனை ஒன்றுதான்: அந்தக் கிழிசலைத் தைக்கக் கூடாது. தைக்கவில்லை. ராமநாதபுரம் வரை எங்களுக்குப் 'பூனை பேண்டு' என்றே பெயர் விழுந்தது. அந்தப் பெயரைச் சொல்லித்தான் கல்யாண வீடுகளில் கூப்பிட்டார்கள்.

என் மனைவி அந்தப் பந்தியில் மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தவள். பெண் பார்க்கப் போன அன்றே, "பூனைக்காரர்தானே?" என்று உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் இரண்டுக்கு நடுவே முழித்துக்கொண்டு நிற்க முடியாது. மகள் கல்யாணத்துக்குப் பரமக்குடியில் சேலை எடுக்கப் போயிருந்தோம். நீலத்தையும் பச்சையையும் இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, நான் கண்ணை மூடியிருக்க வேண்டும். மனைவி கடைக்காரரிடம் ரொம்பப் பணிவாகக் கேட்டாள்:

"அண்ணே, இங்கன பூனை ஏதும் வளக்கிறீகளா?"