விமானத்துக்கு உப்பு ஏற்றிய கதை

பயந்தாங்கொள்ளிகளுக்கு ஒரு சாபம் உண்டு. எதற்கெல்லாம் பயப்படுகிறோமோ அதெல்லாம் ஒழுங்காக நடக்கும்; பயப்பட மறந்த ஒன்று வந்து நடுமண்டையில் போடும். என் விஷயத்தில் அது உப்பு.

அப்போது நான், பேட்டரியில் பறக்கும் இரண்டு இருக்கை விமானம் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் பேட்டரி இன்ஜினியர். கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். விளாத்திகுளம் போகிற வழியில் ஒரு தகரக் கொட்டகை, கருவேலத்தை வெட்டி நிரவிய மண் ஓடுபாதை, ஏழெட்டுப் பேர், ஒரே ஒரு விமானம். கோயம்புத்தூரில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிற ஒரு மேடம் அதைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. பிடித்தால் முதல் ஆர்டர். பிடிக்காவிட்டால் கொட்டகைக்குப் பூட்டு. இதை எங்கள் முதலாளி சிவா அண்ணன் தினமும் காலையில் மந்திரம் மாதிரி ஒரு தடவை சொல்லுவார்.

போதாக்குறைக்கு மேடம் போனில், "பேட்டரி செஞ்ச பொண்ணே என் பக்கத்துல உட்காரட்டுங்க" என்று சொல்லிவிட்டார். (அதாவது, தீப்பிடித்தால் சேர்ந்தே பிடிக்கட்டும்!) எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் வீட்டில் வீறாப்புக்குக் குறைச்சல் இல்லை. என் அப்பா சூசை, கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்குத் தோணி ஓட்டிய தண்டல். தோணிக்குத் தண்டல்தான் கேப்டன். அவரிடம் போய், "எப்பா, எங்க விமானம் எம்புட்டு லேசு தெரியுமா? நாலு பேரு சேந்தா கையாலயே தூக்கிரலாம்" என்று அளந்தேன்.

அப்பா மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரம் வைத்தார். "பாரம் ஒண்ணும் ஏத்த மாட்டியளா?"

"நானும் அந்த மேடமும்தான் பாரம்."

"காத்து அடிச்சா?"

"அடிச்சா அடிக்கட்டும்."

அதோடு பேச்சை நிறுத்திவிட்டார். என் அப்பா பேசாமல் இருந்தால் ஏதோ தீர்மானம் பண்ணிவிட்டார் என்று அர்த்தம். மற்ற எல்லாவற்றுக்கும் நடுங்கிய எனக்கு இதற்கு நடுங்கத் தெரியவில்லை.

மறுநாள்தான் மேடம் வருகிற நாள்; காற்று தகரத்தைப் பிய்த்து எடுத்தது. பேட்டரி சூடாகிறதா, ஒயர் தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதும் பாத்ரூமுக்கு ஓடுவதுமாக இருந்தேன். அந்த நேரம் அப்பா லோடு ஆட்டோவில் வந்து இறங்கினார், கையில் தூக்குவாளியில் இட்லி. "சாப்பிடுளா, மூஞ்சி வெளிறிக் கெடக்கு" என்றார். நாலு இட்லிக்கு லோடு ஆட்டோ எதற்கு என்று கேட்க எனக்குப் புத்தி இல்லை. திரும்பவும் சார்ஜரைச் சுற்றி எல்லாரும் கவலையோடு நின்றுகொண்டோம்.

மேடம் வந்தார். சிரிக்கவில்லை. இறக்கையைத் தட்டிப் பார்த்தார், மூக்கில் இருக்கும் விசிறியைத் தடவிப் பார்த்தார். சிவா அண்ணன் முன்சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, "ரோஸ்லின், முட்டுக்கட்டைய எடும்மா" என்றார். நிறுத்தி வைத்திருக்கும்போது வாலுக்கு அடியில் ஒரு முட்டுக்கட்டை கொடுத்திருப்போம். அதை உருவினேன்.

விமானத்தின் மூக்கு மெல்ல மேலே எழும்பியது. பின்னால் யாரோ கைகூடத் தட்டிவிட்டார்கள். அடுத்த நொடி, டொம்! வால் தரையில் குந்திவிட்டது. எலுமிச்சம்பழம் நசுங்காமல் உருண்டு போய் மேடத்தின் ஷூவில் முட்டி நின்றது.

மாதாவே! பேட்டரிதான் கழன்று பின்னால் சரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"பின்னாடி என்னங்க வச்சிருக்கீங்க?" என்றார் மேடம்.

"ஒண்ணுமே இல்ல மேடம், காலி" என்று சத்தியம் செய்து, வாலை ஒட்டிய சாமான் அறைக் கதவைத் திறந்தேன். உள்ளே இரண்டு உப்பு மூட்டைகள், அசையாதபடி கயிறு போட்டுக் கட்டப்பட்டிருந்தன. கட்டியிருந்த முடிச்சு எனக்குத் தெரிந்த முடிச்சு.

"எப்பா!"

"வெறுந்தோணி காத்துல கவுந்துரும்ளா" என்றார் அப்பா. "எம் புள்ள ஏறப்போறா. பாரம் இல்லாம அனுப்பிருவனா?"

சிவா அண்ணன் தலையில் கைவைத்துத் தரையிலேயே உட்கார்ந்தார். "அண்ணாச்சி, இது தோணி இல்ல அண்ணாச்சி..."

"காத்து ஒண்ணுதான தம்பி?"

மேடம் கண்ணாடியைக் கழற்றி அப்பாவைப் பார்த்தார். "இன்னிக்கு நான் ஏற மாட்டேங்க. வாலை முழுசாச் சோதிச்சிட்டுக் கூப்பிடுங்க" என்று காரில் ஏறிப் போய்விட்டார்.

லோடு ஆட்டோவில் அந்த மூட்டைகளின் மேல் உட்கார்ந்து அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். வாசலில் இறங்கும்போது அப்பா மெதுவாக, "ஏளா, வேல போயிருமா?" என்றார்.

"தெரியலப்பா."

"போனாப் போவுது. நீ இருக்கல்லா."

வாலைச் சோதித்துவிட்டுக் கூப்பிட்டோம்; மேடம் மறுபடி வந்தார். முதலில் சாமான் அறையைத் திறந்து பார்த்தார், பிறகுதான் ஏறினார். பக்கத்தில் நான், கண்ணை இறுக மூடிக்கொண்டு. ஆர்டர் கிடைத்தது. இன்று எங்கள் கொட்டகையிலிருந்து போகிற ஒவ்வொரு விமானத்திலும் அந்தக் கதவின் உள்பக்கம் எடை அளவு ஆங்கிலத்தில் இருக்கும். அதன் கீழே சிவா அண்ணன் உபயத்தில் தமிழில், 'உப்பு ஏற்றக் கூடாது.' விமானம் ஓட்டப் படிக்கிற பிள்ளைகள் காரணம் கேட்கிறார்களாம்.

என் கல்யாணத்தன்று காரில் ஏறும்போது சித்தி ஊர் கேட்க, "ஏளா, பாரம் ஏத்தியாச்சா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு முறை அம்மா வீட்டிலிருந்து கிளம்பும்போதும் டிக்கியில் ஒரு பை உப்பு இருக்கும். மைலேஜ் குறைகிறது என்று என் வீட்டுக்காரர் சண்டை போடுகிறார். எடுத்து வெளியே வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அது இல்லாமல் கிளம்ப இப்போது எனக்கே பயம்.